நாத்தனார் சொன்ன சாட்சி

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாமுண்டீஸ்வரிக்கு ஓய்வு நாள். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் பேருந்து ஓட்டுகிறவளுக்கு ஞாயிறு ஓய்வு கிடைப்பது அபூர்வம். கூடத்தில் உட்கார்ந்து தம்பி மகள் நிவேதிகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். தம்பி சுரேந்தர் சாப்பாட்டு மேசையில் இருந்தான். அவன் மனைவி அமலா தோசை கொண்டுவந்து வைத்தாள்.

"ஏங்க, தேக்காவுல ஒரு தையல் கடையில ஆள் கேக்கறாங்களாம். பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டுப் போயிட்டு, அவ வர்றதுக்குள்ள வந்துடலாம். நான் போகட்டுமா?"

சுரேந்தர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கை கழுவப் போகிறான் என்றுதான் சாமுண்டீஸ்வரி நினைத்தாள். அவன் அமலாவின் பக்கம் திரும்பி, திறந்த உள்ளங்கையால் அவள் காதோடு சேர்த்து அறைந்தான். அவள் தலை அலமாரியில் மோதியது.

"யாரைக் கேட்டு வேலை தேடின?"

சாமுண்டீஸ்வரி ஓடிப்போய் நடுவில் நின்றாள். அப்படி நடுவில் நிற்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அமலா காதைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்ததும், விரல் இடுக்கில் ரத்தம் வந்ததும், பாதி பின்னிய தலையோடு குழந்தை சுவர் ஓரம் போய்த் திரும்பி நின்றுகொண்டதும் அன்றுதான் முதல் தடவை.

மருத்துவமனையில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். எப்படி நடந்தது என்று மருத்துவர் கேட்டபோது அமலா நாத்தனாரைப் பார்த்தாள்.

"சொல்லு," என்றாள் சாமுண்டீஸ்வரி. "இல்லன்னா நான் சொல்வேன்."

அமலாவின் சொந்த ஊர் லால்குடி பக்கம். சாமுண்டீஸ்வரிதான் பெண் பார்க்கப் போய், பிடித்துப்போய், தம்பிக்குப் பேசி முடித்தவள். பெற்றோர் இறந்த பிறகு வீடு அக்கா, தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்குக் கோயில் தொண்டூழியர் குழுவில் நல்ல பெயர். பூக்குழித் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவன், அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியின் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பவன். வெளியே அவனைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அமலாவும் சாமுண்டீஸ்வரியும் தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவுக்குப் போனார்கள். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு மசாலாக் கடையின் மாடியில், பெண்களுக்கான இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும். பிள்ளைகளோடு சில பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். மிளகாய் வறுக்கும் நெடி மாடி வரை வந்தது.

வழக்கறிஞர் சிவதர்ஷினிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. செங்காங்கிலிருந்து வருகிறவள். வாரம் முழுக்க ஒரு நிறுவனத்தில் வேலை, சனிக்கிழமை இங்கே. அமலாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மெடிக்கல் ரிப்போர்ட் இருக்கு, நேர்ல பார்த்த சாட்சி இருக்காங்க. கேஸ் ஸ்ட்ராங்தான்," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க இங்க தங்கறதுக்கான பாஸ், கணவர் ஸ்பான்சர் பண்ணதுதானே? அவர் இனிமே பண்ண மாட்டேன்னு சொன்னா, பாஸ் போகலாம். போகும்னு சொல்லல. போகலாம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

"பாப்பா?" என்றாள் அமலா.

"பாப்பா இந்த நாட்டுக் குடிமகள். அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது, சரி. எனக்கு அவ?"

சிவதர்ஷினி கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தாள். "அதுக்குத்தான் போராடணும்."

கீழே இறங்கியதும் அமலா வேண்டாம் என்றுவிட்டாள். பூக்கடை வரிசையில் நடந்துகொண்டே, "விடுங்க அண்ணி, காது ஆறிடும்" என்றாள். சாமுண்டீஸ்வரி விடவில்லை. ரயிலில் வீடு வரும்வரை பேசினாள். இன்றைக்குக் காது, நாளைக்கு என்ன? பார்த்துக்கொண்டே வளர்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்? சட்டம் எதற்கு இருக்கிறது? அவளுக்குச் சட்டத்தில் நம்பிக்கை இருந்தது. பஸ்ஸில் ஒருமுறை ஒரு பயணி அவளை அடிக்கக் கை ஓங்கியபோது போலீஸ் உடனே வந்தது. அந்த ஆள் நீதிமன்றத்தில் நின்றான். ஓட்டுநருக்குக் கிடைத்த நியாயம் மனைவிக்குக் கிடைக்காதா?

"நான் கண்ணால பார்த்தேன் அமலா. கோர்ட்டுல வந்து சொல்வேன். சொந்த அக்காவே சொன்னா யார் நம்ப மாட்டாங்க?"

ரயிலை விட்டு இறங்கும்போது அமலா சரி என்று தலையசைத்தாள்.

வழக்கு நடந்த அறை சிறியது. சுரேந்தர் எதிரே உட்கார்ந்திருந்தான். போன தீபாவளிக்கு அக்கா வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தான். சாமுண்டீஸ்வரிக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் இதைத் தமிழில்தான் சொல்ல முடியும் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருந்தாள். "அறைஞ்சான்" என்றாள். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னபோது, ஏதோ கொசு அடித்ததுபோல் இருந்தது அவளுக்கு. "காதோட சேர்த்து, தலை போய் அலமாரியில இடிக்கற மாதிரி" என்று மறுபடியும் சொன்னாள்.

சுரேந்தரின் வழக்கறிஞர் எழுந்தார்.

"இந்த வீட்டுல உங்க பேரும் இருக்கு, சரிதானே?"

"ஆமா."

"தம்பி வெளியே போயிட்டா வீடு முழுக்க உங்களுக்கு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சூடாகியது. "சார், அது எங்க அப்பா அம்மா வாழ்ந்த வீடு. அவன் வெளியே போகணும்னு நான் எப்பவும் கேட்டதில்ல. அடிக்கக் கூடாதுன்னுதான் கேட்கறேன்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆகலை. தம்பி குடும்பத்தைப் பார்த்து உங்களுக்கு..."

நீதிபதி அந்தக் கேள்வியை நிறுத்தச் சொன்னார். கேள்வி நின்றது. ஆனால் சுரேந்தர் அக்காவைப் பார்த்த பார்வை நிற்கவில்லை. அதில் கோபமே இல்லை. அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவள் இவள். இப்போது முன்பின் தெரியாத ஒரு பெண்மணியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அமலாவை அவன் துன்புறுத்தக் கூடாது. ஆலோசனை வகுப்புக்குப் போக வேண்டும். வெளியே வந்ததும் சிவதர்ஷினி அமலாவைக் கட்டிக்கொண்டாள். அன்று மாலை மூவரும் தேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிட்டார்கள். அமலா சிரித்தாள். நல்ல காதை சிவதர்ஷினியின் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் பேசிய விதத்தைப் பார்த்து சாமுண்டீஸ்வரிக்கு மனம் நிறைந்துபோயிற்று. செய்தது சரிதான் என்று அன்றைக்கு முழுசாக நம்பினாள்.

சுரேந்தர் வீட்டுக்கு வரவில்லை. பொங்கோலில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக்கொண்டான். கத்தவில்லை, மிரட்டவில்லை, ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பவில்லை. விவாகரத்துக்கு மனுப் போட்டான். குழந்தையை அம்மா இந்தியாவுக்குக் கொண்டுபோய்விடுவாள் என்று சொல்லி, இறுதித் தீர்ப்பு வரும்வரை குழந்தை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வாங்கினான். மனைவிக்கு இனி நான் பொறுப்பில்லை என்று, தங்கும் அனுமதி தரும் குடிநுழைவு அலுவலகத்துக்கு எழுதினான். அவ்வளவுதான். ஒவ்வொன்றும் சட்டப்படி அவன் செய்யக்கூடிய காரியம். உத்தரவில் இருந்த ஒரு வார்த்தையையும் அவன் மீறவில்லை.

அமலாவுக்கு அதன் பிறகு சில வாரங்களுக்கான குறுகிய அனுமதிதான் கிடைத்தது. அது காலாவதியாகும்போதெல்லாம் சிவதர்ஷினி வழக்கு நடக்கிறது என்று எழுதிக் கொடுப்பாள். இன்னும் சில வாரம் நீட்டிப்பார்கள். அந்த அனுமதியில் வேலை செய்ய முடியாது. தையல் கடைக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டு வேறு பெண்ணை வைத்துக்கொண்டார்.

சாமுண்டீஸ்வரி விடுப்பு எடுத்துக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனாள். முகப்பில் ஓர் இளம் மலாய்ப் பெண் இருந்தாள்.

"நான் ஸ்பான்சர் பண்றேன். எனக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. அவ என் வீட்டுலதான் இருக்கா."

"அவங்க உங்களுக்கு என்ன உறவு, ஆண்ட்டி?"

"தம்பி பொண்டாட்டி."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். கணவரே விலகிக்கொண்ட பிறகு கணவரின் அக்கா ஸ்பான்சராக இருப்பது கஷ்டம், மேல்முறையீடு எழுதிக் கொடுங்கள், பரிசீலிப்பார்கள் என்றாள். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "சாரி ஆண்ட்டி" என்று எழுந்து நின்று சொன்னாள். கோபப்படக்கூட ஆள் இல்லாமல் சாமுண்டீஸ்வரி வெளியே வந்தாள்.

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போனார்கள். அவரும் கடிதம் எழுதினார். சிவதர்ஷினி தனியாக ஒரு நீண்ட மனு எழுதினாள். அடிபட்ட மனைவி அடித்தவனின் கையெழுத்தை நம்பித்தான் இந்த ஊரில் இருக்க முடியும் என்றால், பாதுகாப்பு உத்தரவு யாரைப் பாதுகாக்கிறது என்று அதில் கேட்டிருந்தாள். அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அமலா அழுதாள். தனக்காக ஒருத்தி இவ்வளவு யோசித்திருக்கிறாளே என்று அழுதாள்.

அதற்குப் பிறகு நீட்டிப்பு கிடைக்கவில்லை. மறுபடி தேக்கா மாடி அறைக்குப் போய் சிவதர்ஷினியின் எதிரே உட்கார்ந்தார்கள்.

"பாப்பாவோட போறேன் மேடம். ஊர்ல எங்கம்மா இருக்காங்க, நான் தச்சுப் பொழச்சுக்குவேன்."

"முடியாதும்மா. கோர்ட் உத்தரவு இருக்கு. மீறினா அப்புறம் பாப்பாவே உங்ககிட்ட வராம போயிடும்."

"இங்கயே இருந்துடறேன்."

"பாஸ் இல்லாம இருந்தா அரெஸ்ட் பண்ணுவாங்க. அதுவும் உங்களுக்கு எதிராத்தான் போகும்."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்? நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவங்கதானே?" அமலா குரலை உயர்த்தி அவர்கள் கேட்டது அன்று ஒருநாள்தான்.

சிவதர்ஷினி கோப்பை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள்.

சாமுண்டீஸ்வரி முன்னால் சாய்ந்தாள். "பிள்ளை என்கிட்ட இருக்கட்டுமே. அவ பொறந்து வளர்ந்த வீடு. அவ ஸ்கூல் பக்கத்துலயே இருக்கு. அத்தைதானே நான்?"

"அப்பா இருக்கும்போது அத்தைக்கு உரிமை வராது அக்கா. அவர் ஒத்துக்கணும்."

சாமுண்டீஸ்வரி தம்பிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. பொங்கோலுக்கே நேரில் போனாள். கதவை அவன் திறந்தான், வெளிப்பக்க இரும்பு கிரில்லைத் திறக்கவில்லை.

"தம்பி, பிள்ளை என்கூட இருக்கட்டும்டா. நீ எப்ப வேணும்னாலும் வந்து பாரு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"பேச வேண்டியதெல்லாம் கோர்ட்டுல பேசிட்டீங்களே அக்கா," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். "நீங்க வீட்டையே வச்சுக்குங்க. என் மகளை நான் பார்த்துக்கறேன்." பிறகு உள்ளே திரும்பி யாரையோ விளக்கைப் போடச் சொன்னான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பணிப்பெண்ணை முன்கூட்டியே வைத்துவிட்டிருந்தான்.

போகிற நாள் வந்தது. விமானம் மாலையில். மதியம் வீட்டுக்குக் கீழே சுரேந்தர் வந்து குழந்தையைக் கூட்டிப்போக வேண்டும் என்று ஏற்பாடு. அமலா காலையிலேயே நிவேதிகாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, பள்ளிச் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு மடித்து வைத்தாள். பள்ளிக்குச் சாப்பாட்டு டப்பாவில் எது வைத்தால் பிடிக்கும், எந்தப் பாட்டுக்குத் தூங்குவாள், காய்ச்சல் வந்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கைபேசியில் பேசிப் பதிவு செய்து பணிப்பெண்ணுக்கு அனுப்பச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்பது பாதியில்தான் நினைவுக்கு வந்தது. நிறுத்தாமல் பேசி முடித்தாள்.

குழந்தையிடம் அம்மா பாட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அவள் பையை மாட்டிக்கொண்டு அப்பாவின் காருக்கு ஓடினாள். கதவு மூடும்போதுதான் அம்மா ஏறவில்லை என்று பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் அசைந்தது. அமலாவுக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கிற காது உள்ளவர்களுக்கும் கேட்கவில்லை.

விமான நிலையத்துக்குப் போகும் டாக்ஸியில் அமலா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். விரைவுச்சாலையின் மழைமரங்கள் வந்து வந்து போயின. சாங்கி நெருங்கும்போது பேசினாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல அண்ணி. நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா அடி வாங்கிட்டே இருந்திருந்தா, ராத்திரி அவ பக்கத்துலயாச்சும் படுத்திருப்பேன்."

டாக்ஸி ஓட்டுநர் தமிழர் இல்லை. அதனால் அந்த வார்த்தைக்கு அந்த வண்டியில் சாமுண்டீஸ்வரி ஒருத்திதான் பதில் சொல்லியிருக்க முடியும். அவள் அமலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அமலா கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, திருப்பிப் பிடிக்கவுமில்லை.

இறுதி விசாரணை பல மாதம் கழித்து வந்தது. லால்குடியிலிருந்து அமலா காணொளியில் கலந்துகொண்டாள். நடுவில் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. தந்தை வன்முறை செய்தது உண்மை என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் குழந்தையின் மேல் அவர் கை வைத்ததில்லை. ஆலோசனை வகுப்பை முடித்திருக்கிறார். குழந்தை இப்போது பொங்கோலில் புதுப் பள்ளியில் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மறுபடியும் பிடுங்கி, அவளுக்குத் தெரியாத ஊரில் நடுவது அவள் நலனுக்கு உகந்ததல்ல. பராமரிப்புப் பொறுப்பு தந்தைக்கு. தாய்க்கு வாரம் ஒருமுறை காணொளி அழைப்பு. சிங்கப்பூர் வரும்போது நேரில் சந்திப்பு. பெற்றோர் இருவரும் வழக்கைப் பற்றிக் குழந்தையிடம் பேசக் கூடாது.

"ஒட்டிக்கிட்டது எப்படின்னு யாரும் கேட்கலையே," என்றாள் சாமுண்டீஸ்வரி, தேக்கா மாடி அறையில். "அம்மாவை அனுப்பிட்டா பிள்ளை வேற யார்கிட்ட ஒட்டும்?"

"கேட்டேன் அக்கா. அதையேதான் நான் கேட்டேன்." சிவதர்ஷினி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டாள். அப்பீல் போடலாம், ஆனால் இந்தத் தீர்ப்பில் பிழை காட்டுவது கடினம் என்றாள். பிறகு, தயங்கித் தயங்கி, தங்கள் அமைப்பு ஓர் அறிக்கை தயாரிப்பதாகச் சொன்னாள். கணவன் ஸ்பான்சர் செய்யாவிட்டாலும் இந்தப் பெண்கள் பிள்ளைகளோடு இருக்க வழி வேண்டும் என்று கேட்கிறார்கள். "அமலாவோட கேஸையும் சேர்த்திருக்கோம். பேர் போடல."

"அதனால அவ திரும்பி வருவாளா?"

"இல்ல. அவங்க வர மாட்டாங்க. அடுத்து வர்றவங்களுக்கு ஒருவேளை..."

"சேர்த்துக்குங்க லா," என்றாள் சாமுண்டீஸ்வரி. கோபத்தில் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த பெண்களைத் தாண்டித்தான் படி இறங்க வேண்டியிருந்தது. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு காரியத்தை சிவதர்ஷினி சாதித்துக் கொடுத்தாள். சுரேந்தருக்கு அமலாவோடு பேச விருப்பமில்லை. அதனால் ஞாயிறு அழைப்பின்போது கைபேசியைப் பிடித்துக்கொள்ள அத்தை வரலாம் என்று அவனை ஒப்புக்கொள்ள வைத்தாள். அந்த அரைமணி நேரம் மட்டும் சாமுண்டீஸ்வரி நிவேதிகாவைப் பார்ப்பாள். பொங்கோலில் ஓர் உணவங்காடி. இவர்கள் ஒரு மேசையில், சுரேந்தர் அடுத்த மேசையில். அவன் தன் கைபேசியை மேசைமேல் நிறுத்தி வைத்து அழைப்பைப் பதிவு செய்வான்.

போன ஞாயிறு நிவேதிகாவுக்கு முன்பல் விழுந்திருந்தது. திரைக்குள் அமலா ஆசையாகக் குனிந்தாள். "காட்டு, காட்டு! அய்யோ, பல்லு எங்கடி போச்சு?"

குழந்தை வாயைத் திறந்து காட்டினாள். பிறகு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகவே நினைத்துக்கொண்டதுபோல் கேட்டாள்:

"அம்மா, சிங்கப்பூர் உங்களுக்குப் பிடிக்கல, அதான் போயிட்டீங்கன்னு அப்பா சொன்னாங்க. ட்ரூவா?"

அமலா அப்படியே இருந்தாள். திரை நின்றுவிட்டதோ என்று சாமுண்டீஸ்வரி நினைத்தாள். இல்லை, பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த மேசையில் சுரேந்தர் காப்பியைக் கலக்குவதை நிறுத்தியிருந்தான். ஒரு வார்த்தை வழக்கைப் பற்றிப் பேசினாலும் அழைப்பை நிறுத்தச் சொல்லி மனுப் போடுவான் என்று சிவதர்ஷினி பலமுறை எச்சரித்திருந்தாள்.

"சாப்பிட்டியாடா கண்ணு?" என்றாள் அமலா.

"நான் கேட்டது வேற."

"என்ன சாப்பிட்ட? இட்லியா?"

நிவேதிகா அத்தையின் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க சொல்லுங்க. ட்ரூவா இல்லையா?"

ஒரு நீதிமன்றத்தில், தம்பியின் முகத்துக்கு எதிரே, கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மை சொன்னவள் அவள். இப்போது ஆறு வயதுப் பிள்ளை கேட்கிறது.

"ஐஸ் கச்சாங் வாங்கித் தரவா?" என்றாள் சாமுண்டீஸ்வரி, எதிரே இருந்த இனிப்பு ஐஸ் கடையைக் காட்டி.

குழந்தை அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி, அப்பாவின் மேசைக்குப் போய், அவன் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நிவி? அண்ணி, பாப்பா எங்க? லைன் கட்டாயிடுச்சா?"

அழைப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது. சாமுண்டீஸ்வரி கைபேசியைத் திருப்பி, நிவேதிகா உட்கார்ந்திருந்த மேசை அமலாவுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.